மூன்றாவது முக்காலிக்காரர் வைத்த மிச்சம்

ஏப்ரல் 14, திங்கள்

எடை ஆய்வாளனாகக் கிதகாதா ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்று அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் கிடக்கின்றன. கட்டியவள் மசயோ. ஒவ்வொன்றின் மேலும் "மிக அவசியம்" என்று எழுதியிருக்கிறாள். மிக அவசியமான மூன்று பெட்டிகள் இல்லாமல் அவள் கணவன் பதினான்கு நாள் சௌக்கியமாக இருந்திருக்கிறான் என்பதை அவளிடம் சொல்லக் கூடாது.

அவள் எங்கள் ஊர் இவாகியிலேயே இருக்கிறாள். மழலையர் பள்ளி வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வா என்று எந்த வாயால் சொல்வது? மூன்று வருடம்தான், அதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதில் தனிக்குடித்தனம் வந்திருக்கிறேன், நிஜமாகவே தனியாக.

இரவுச் சாப்பாடு எப்படியோ ஓடிவிடுகிறது. காலைதான் தகராறு. ரொட்டி தொண்டையில் நிற்கிறது. அலுவலகத்தில் கேட்டதற்கு, "காலையில ஏழு மணிக்கு ராமென் சாப்பிடுங்க. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான்" என்றார்கள். வெளியூர்க்காரனைக் கேலி செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். விடிந்ததும் விடியாததுமாகப் பன்றி எலும்புச் சூப்பில் நூடுல்ஸா?

ஏப்ரல் 17, வியாழன்

கேலி இல்லை.

அரிசிக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சந்து. இன்று காலை ஏழு மணிக்கு அதில் ஐந்து சிறு லாரிகள் நின்றன. எல்லாம் வயலுக்குப் போகிற வண்டிகள், சக்கரத்தில் சேறு. சந்தின் கடைசியில் ஒரு வீடு, வாசலில் சாயம் போன நீலத் துணி தொங்கியது. உள்ளிருந்து நெத்திலிக் கருவாடும் சோயாவும் கொதிக்கும் வாசனை. எதற்கு இத்தனை வண்டிகள் என்று எட்டிப் பார்த்ததாகத்தான் ஞாபகம். அடுத்த நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

மொத்தம் எட்டு முக்காலிகள். அடுப்பருகே ஓர் ஆள், அறுபது சொச்சம் வயது. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவர் அவர் மனைவியாக இருக்க வேண்டும். தெளிந்த பழுப்பு நிறச் சூப், சுருள் சுருளான பட்டை நூடுல்ஸ், மேலே பன்றி இறைச்சித் துண்டுகள், வெங்காயத்தாள். வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை.

ஒரு வாய் சூப் குடித்தேன். அப்புறம் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்னைத் திரும்பியும் பார்க்காமல், "ஆறிப்போயிரும், தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வந்த நாள் முதல் இந்த ஊரில் எனக்கென்று எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்றும் போனேன். மூன்றாவது முக்காலி.

மே 2, வெள்ளி

சந்துக் கடைக்கென்று எழுதாத சட்டங்கள் இருக்கின்றன. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தண்ணீரை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது பேசக் கூடாது. முடித்ததும் கிண்ணத்தைத் தூக்கி எதிரே இருக்கும் பலகையில் வைத்து, ஈரத்துணியால் நம் இடத்தைத் துடைத்து, "சாப்பிட்டேன், நன்றி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். நன்றாக இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. காலிக் கிண்ணம்தான் அதைச் சொல்கிறது.

சட்டத்தை மதிக்காத ஒரே ஆள் அன்று பேசிய கிழவர்தான். அன்ஸாய் என்று பெயர், வயலில் அஸ்பாரகஸ் என்ற காய்கறி பயிர் செய்கிறார். இன்று வாசலில் செருப்பைச் சரிசெய்தபடி எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஷோஜியைக் கவனிச்சியா? ஒருத்தன் மூஞ்சியையும் பாக்க மாட்டான். திரும்பி வர்ற கிண்ணத்தைத்தான் பாப்பான். என் பேரே அவனுக்குத் தெரியுமோ என்னமோ, என் கிண்ணம் தெரியும்."

ஷோஜி சமையல்காரர். மனைவி பெயர் கினுயே. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம், சிரிக்க வேண்டாம், பேச்சு தேட வேண்டாம். ஆனாலும் ஓர் ஆளுக்கு என்னைத் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று சந்தையில் தராசு ஆய்வு. மீன்கடைக்காரரின் தராசு கிலோவுக்கு ஆறு கிராம் கூட்டிக் காட்டியது. எவ்வளவோ கெஞ்சினார். முத்திரை கிடையாது, சரிசெய்து கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். குரல்கூட நடுங்கவில்லை.

கையில் ஓர் எண் இருந்தால் நான் சிங்கம். எண் இல்லாத விஷயத்தில்தான் வாய் வராது. கல்யாணமான புதிதில் மசயோ வாரம் இரண்டு முறை கத்திரிக்காய் சமைப்பாள். எனக்குக் கத்திரிக்காய் ஆகவே ஆகாது. ஒன்பது வருடம் சாப்பிட்டேன். கடைசியில் என் தங்கை சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று அவளுக்கு வந்த கோபம் இன்னும் மறக்கவில்லை. "பிடிக்கலைன்னு கோபம் இல்லைங்க. ஒன்பது வருஷம் என்னை முட்டாளாக்கிட்டீங்களே" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

வருடாந்தர உடல் பரிசோதனை. ரத்த அழுத்தம் 162.

டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். "காலையில என்ன சாப்பிடறீங்க?" என்றார். சொன்னேன். "தினமுமா?" தினமும். "சூப்பையும் குடிச்சிருவீங்களா?" முழுசா. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு பூரா அதுலதான் இருக்கு. ராமெனை விடுங்கன்னு இந்த ஊர்ல யாரைச் சொல்ல முடியும்? சூப்பையாவது விடுங்க. நூடுல்ஸைச் சாப்பிட்டுட்டு அப்படியே வச்சிருங்க."

அப்படியே வைத்துவிடுவதாம். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்.

ஜூலை 7, திங்கள்

வைத்துவிட்டேன்.

ஷோஜியைக் காணோம். அடுப்பில் கினுயே நின்றார், அவரே பரிமாறினார். ஒரு நாள் ஓய்வாக இருக்கும். சூப் என்னவோ எப்போதையும்விட நன்றாக இருந்தது. அதே சூப்தான், ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாக ஓர் இனிப்பு நின்றது. இதுவரை அப்படி இருந்ததில்லை. இன்றைக்குப் போய் இப்படியா! இரண்டு வாய் மட்டும் குடித்தேன். கை மறுபடி மறுபடி கிண்ணத்துக்குப் போயிற்று.

முக்கால் கிண்ணம் சூப்போடு பலகையில் வைத்தேன். கினுயே அதை எடுத்தார். எடுத்தவர் உடனே ஊற்றவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்ன சொல்வது? "உங்கள் சூப் எனக்கு ஆகாது, டாக்டர் சொன்னார்" என்றா? சமைத்தவர் முகத்துக்கு நேரே உன் சமையல் எனக்கு விஷம் என்று சொல்வதுபோல் இல்லையா அது? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கொஞ்சம் வேகமாகவே வந்தேன்.

ஜூலை 16, புதன்

ஷோஜி இன்றும் இல்லை. யாரும் கேட்கவில்லை, கினுயேவும் சொல்லவில்லை. தினமும் சூப்பை மிச்சம் வைக்கிறேன். அழுத்தம் 144.

ஜூலை 29, செவ்வாய்

சூப்பின் நிறம் கறுத்திருக்கிறது. என் கண்ணா, இல்லை நிஜமாகவா? சோயா தூக்கலாகத் தெரிகிறது. ஒவ்வொரு தடவை கிண்ணத்தை வைக்கும்போதும் கினுயே கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுக்கிறார். மற்றவர்களின் கிண்ணங்கள் தம் பாட்டுக்கு அடுக்கிக் கிடக்கின்றன.

ஆகஸ்ட் 6, புதன்

கதவில் ஒரு தாள். "இன்று சூப் சரியாக அமையவில்லை. கடை கிடையாது. மன்னிக்கவும்."

உருகிப்போனேன். எந்த ஊரில் இப்படி ஒரு கடை இருக்கும்? விடியுமுன் எழுந்து கொதிக்கவைத்ததை, விற்கத் தகுதி இல்லை என்று கொட்டிவிடுகிறார்கள். எல்லாக் கடைக்காரர்களும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது. ரயில் நிலையத்தில் சோற்று உருண்டை வாங்கித் தின்றுகொண்டே அலுவலகம் போனேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முன்னோர்களுக்கான ஓபோன் படையலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். கதவில் மறுபடி தாள். ஆகஸ்டில் மட்டும் இது நான்காவது முறை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்றும் தாள். அன்ஸாய் தன் லாரியில் சாய்ந்து நின்றிருந்தார். தாளைப் பார்த்துவிட்டு நான் திரும்பினேன்.

"நில்லு தம்பி. உன்கிட்டத்தான் பேசணும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஷோஜி ஜூலை ஐந்தாம் தேதி கூரை ஓடு மாற்ற ஏறி விழுந்துவிட்டார். தோள்பட்டை நொறுங்கிப்போய் ஆபரேஷன், இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஏழாம் தேதியிலிருந்து சூப் வைப்பது கினுயே. முப்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தாரே தவிர, பானையில் கை வைத்ததில்லை. பழைய ஆள் என்பதால் அன்ஸாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா பாவம் பாத்து எல்லாரும் வழிச்சு நக்கிட்டுப் போவாங்க, அப்புறம் என் கையில ருசி இருக்கா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்னா. நியாயந்தானே? அன்னிக்குக் காலையில எல்லாக் கிண்ணமும் காலியா வந்திருக்கு. ஒண்ணைத் தவிர."

அன்ஸாயின் விரல் என்னைச் சுட்டியது.

"மூணாவது முக்காலிக்காரர், ஒரு நாளும் சொட்டு மிச்சம் வைக்காதவர், நான் கரண்டி பிடிச்ச மொத நாளே முக்கா கிண்ணம் வச்சுட்டாரு, அவர் நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அழுகுறா. அன்னையிலேர்ந்து அதைக் கூட்டுறா, இதைக் குறைக்கிறா. நீ மிச்சம் வைக்க வைக்க அவ மாத்துறா. இப்போ எது சரின்னு அவளுக்கே தெரியலை, கொட்டுறா. புருஷன் படுத்துக்கிட்டே சொல்லிட்டானாம், முடியலைன்னா இலையுதிர்காலத்தோட கடையை மூடிருவோம்னு. ஏன்யா, அப்படி என்னய்யா குறை கண்ட நீ?"

சொல்லியிருக்கலாம். ரத்த அழுத்தம். ஒரே ஒரு வார்த்தை. வாய் திறந்தது. "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்றேன். அன்ஸாய் காத்திருந்தார். நான் குனிந்து வணங்கிவிட்டு நடந்துவிட்டேன்.

நான் குறை காணலை. நான் எதுவுமே காணலை! ஒரு பொம்பளை ஒன்றரை மாசமா என் எச்சில் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கா. நான் உருகினேனாம், தாளைப் பார்த்து.

ஆகஸ்ட் 25, திங்கள்

சனி, ஞாயிறு முழுக்க யோசித்தேன். சொல்வது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்து, சொல்லாமல் சரிசெய்வது எப்படி என்பதில் போய் நின்றேன். பிரச்சினை என் கிண்ணம்தானே? காலி செய்துவிட்டால் போயிற்று. ஒரு நாள் குடித்தால் செத்தா போய்விடுவேன்?

கடை திறந்திருந்தது. சூப் கரேல் என்று இருந்தது. எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்கவிட்டாரோ, உதடு ஒட்டியது. உப்பு நாக்கை அறுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கிண்ணத்தைப் பலகையில் வைத்தேன்.

கினுயே எட்டிப் பார்த்தார். இரண்டு கையாலும் எடுத்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, கண்ணில் தண்ணீர். எனக்குத் தலைகுனிந்து வணங்கினார், அந்தக் கடையில் யாரும் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. நானும் பெரிய காரியம் சாதித்தவன்போல் வெளியே வந்தேன். சாதிக்கவில்லையா பின்னே? ஒரு பொய்கூடச் சொல்லாமல் முடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

உள்ளே நுழையும்போது கினுயே அன்ஸாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கெடைச்சிருச்சு. நேத்து வச்சேனே, அதுதான். அளவெல்லாம் எழுதிட்டேன், இனிமே மாத்தவே மாட்டேன்."

அன்ஸாய் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

தினமும் அதே கறுப்புச் சூப். தினமும் குடிக்கிறேன். மற்றவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார்கள், ஆனால் கினுயே அதைப் பார்ப்பதில்லை. என் கிண்ணம் காலியாக இருக்கிறதே! சந்தில் இன்று இரண்டு லாரிதான் நின்றன. அதில் ஒன்று அன்ஸாயுடையது.

எதைச் சரிசெய்தேன் நான்? அவர் கை தானாகத் தேறியிருக்கும். நான் போய் மோசமானதன்மேல் முத்திரை குத்திவிட்டு வந்திருக்கிறேன். மீன்கடைக்காரர் ஆறு கிராமுக்கு என் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாரே, அவருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

அழுத்தம் 171. கணுக்கால் வீங்கியிருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தொடர் விடுமுறை என்பதால் மசயோ வந்திருக்கிறாள். வந்த அரை மணி நேரத்தில் மூன்று பெட்டிகளையும் பிரித்துவிட்டாள். ஒன்றில் ரத்த அழுத்தக் கருவிக்கு மாற்று பேட்டரி இருந்தது. அதைப் போடப் போனவள் பக்கத்தில் இருந்த அளவு நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"நூத்தி எழுபத்தொண்ணா? என்னங்க இது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள். காலிக் கிண்ணம் வரும்போது சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"பாவங்க அவங்க. இருபத்தாறு வருஷமா நானும் அதைத்தான் செய்யறேன். உங்க தட்டைப் பாத்து ஜோசியம் பாக்கிறேன். எனக்காவது ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு, கேட்டுக் கேட்டுப் புடுங்கிருவேன். அவங்களுக்கு ஏழு நிமிஷந்தானே கெடைக்குது?"

"சூப் நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்றது, மசயோ? அழுதாங்க. சந்தோஷத்துல அழுதாங்க."

"கடையை மூடிட்டு அழுவாங்க, அப்போ போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நியாயமான சத்தம்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். கிண்ணத்தில் இறைச்சித் துண்டு இரண்டு கூடுதலாக இருந்தது. "உங்களாலதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குடித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

அரை நாள் விடுப்பு எடுத்தேன். இரண்டு மணிக்கு, கடை சாத்தும் நேரத்தில் போனேன். யாரும் இல்லை. கினுயே முக்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பானையில் பாதிக்கு மேல் சூப் மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒரு கிண்ணம் போடட்டுமா?" என்றார்.

"வேண்டாம். இந்த சூப் நல்லா இல்லை" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, இதுதான் வந்தது. அவர் துணியை மேடையில் வைத்தார்.

"உப்பு அதிகம். எலும்பு ரொம்ப நேரம் கொதிச்சிருக்கு. கருவாடு தெரியவே இல்லை. நான் குடிச்சது… பொய்."

"அப்போ முன்னால மிச்சம் வச்சது?"

"அது ரத்த அழுத்தம்."

புரியாமல் பார்த்தார். ஜூலை மூன்று, டாக்டர், உப்பு, எல்லாம் சொன்னேன். ஏழாம் தேதி அவர் முதன்முதலாகக் கரண்டி பிடித்ததும், நான் முதன்முதலாக மிச்சம் வைத்ததும் ஒரே நாளாகப் போனது தற்செயல், அவர் கைக்கும் என் கிண்ணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"ரெண்டரை மாசம்!" என்று கத்தினார். "மூணு மணிக்கு எந்திரிச்சு எலும்பு கழுவி, கொட்டி, மறுபடி கழுவி… எத்தனை பானை கொட்டினேன் தெரியுமா உங்களுக்கு? ஆஸ்பத்திரியில போய் உக்காந்துகிட்டு, எனக்கு நாக்கே இல்லைங்கன்னு அழுது, கடையை மூடிருவோம்னு சொல்ல வச்சேனே அந்த மனுஷனை! வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? டாக்டர் வேண்டாம்னாருன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை!"

"தப்புதான்."

"இன்னைக்கு மட்டும் நெசம் சொல்றீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

பையில் இந்த நோட்டு இருந்தது. வாயைவிடக் கைதான் எனக்குப் பழக்கம். எடுத்து ஜூலை ஏழாம் தேதிப் பக்கத்தைத் தேடி வாசித்தேன். "சூப் என்னவோ எப்போதையும்விட நன்றாக இருந்தது. அதே சூப்தான், ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாக ஓர் இனிப்பு நின்றது. இதுவரை அப்படி இருந்ததில்லை. இன்றைக்குப் போய் இப்படியா." வாசிக்கும்போது குரல் நடுங்கியது.

அவர் மேடைக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் படிங்க" என்றார்.

படித்தேன்.

"எப்போதையும்விடன்னா… அவர் வச்சதைவிடவா?"

"ஆமா."

முகத்தைச் சமையல் மேலங்கியில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மூடிய முகத்தோடேயே, "போங்க. இப்போ உங்களைப் பாக்க முடியலை" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

கடை பூட்டியிருந்தது. தாள்கூட இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பூட்டு. சந்தில் ஒரு வண்டியும் இல்லை. அன்ஸாயிடம் கேட்கலாம் என்றால் அவரையும் காணவில்லை. உண்மையைச் சொல்லி மூடவைத்தேனா, சொல்லாமல் இருந்து மூடவைத்தேனா? மசயோவிடம் தொலைபேசியில் கேட்டேன். "சொல்லிட்டீங்கல்ல? அவ்வளவுதான் உங்க வேலை. மத்தது அவங்க வேலை" என்றாள். எனக்கு ஆறவில்லை. ரொட்டியை மென்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

சந்து முனைக்கு வரும்போதே நெத்திலி வாசனை.

நுழைவதா வேண்டாமா என்று வாசலில் நின்றேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள், மூன்றாவது முக்காலி காலி. கினுயே என்னைப் பார்த்துவிட்டு நூடுல்ஸை எடுத்துக் கொதிநீரில் போட்டார். உட்கார்ந்தேன்.

தெளிந்த பழுப்பு நிறம். இரண்டு வாய் குடித்தேன், மிச்சத்தைப் பலகையில் வைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்க்காமலே எடுத்துத் தொட்டியில் கொட்டினார். பிறகு மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தக் கடையில் நான் கேட்டறியாத கேள்வி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது.

"நல்லா இருக்கு. ஆனா அந்த இனிப்பு இன்னும் வரலை."

"எனக்கும் தெரியுது. பூட்டிட்டு ஒரு வாரமா அதைத்தான் தேடினேன்" என்றார். "நாளைக்கும் வந்து சொல்லுங்க."

அக்டோபர் 30, வியாழன்

மலை உச்சியில் பனி விழுந்திருக்கிறது. சந்தில் ஏழு லாரி நின்றன, நான் வெளியே காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அழுத்தம் 138.

ஷோஜி திரும்பி வந்துவிட்டார். இன்றுதான் முதல் நாள். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை, அதனால் தொட்டியருகே நின்று இடது கையால் கிண்ணம் கழுவினார். அடுப்பில் கினுயே. என் கிண்ணம் முக்கால்வாசி சூப்போடு போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்ததும் ஷோஜியின் முகம் இருண்டுவிட்டது. முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கினுயே அடுப்பிலிருந்து திரும்பாமலே, "கிண்ணத்தைப் பாக்காதீங்க. அவர் வாயால சொல்லுவார்" என்றார்.

மற்ற ஏழு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்ஸாயின் வாயிலிருந்து நூடுல்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னைக்கு நெத்திலி மட்டும் கொஞ்சம் தூக்கல். கடைசியில லேசா கசக்குது."

கினுயே கரண்டியால் ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"கருவாடு நான்தான் போடுவேன்னு விடியக்காலம் அடம் பிடிச்சது யாரு?"

ஷோஜி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே கரண்டியை வாங்கிக் குடித்துப் பார்த்தார். வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். "கூடித்தான் போச்சு" என்று ஒப்புக்கொண்டு, கரண்டியை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினார். நாளையிலிருந்து அவர் வெங்காயத்தாள் மட்டும் நறுக்கினால் போதும் என்று அன்ஸாய் அறிவித்தார்.